சும்மா போகும் வண்டி

நிலாவெளியிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்குச் செல்லும் காலை பஸ்ஸில் நாம் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். தரிப்பிடமொன்றில் ஏழெட்டுப் பாடசாலைப் பிள்ளைகள் நின்றார்கள். வண்டியில் இடமும் இருந்தது. எனினும், சற்று வேகம் தணித்த பஸ், பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் கண்ணிற் பட்டதும் மீண்டும் வேகங்கொண்டு போய்விட்டது. ஏன் நிறுத்தவில்லை என்று வினவினோம். நடத்துனர் இளைஞர், முரடரும் அல்லர். சிரித்துக்கொண்டே விடை சொன்னார்: "அதுகள் சீசன் டிக்கெட் பிள்ளையள். சும்மா போறவைக்கு என்ன அவசரம்?"

உண்மையில் அப்பிள்ளைகள் முற்றிலும் சும்மா போகிறவர்களும் அல்லர். பருவச்சீட்டுக்குச் சிறுதொகை கொடுக்கிறார்கள். எஞ்சியதை அரசு ஏற்கிறது. ஆயினும் நடத்துனர் சொன்னதிலே ஒரு தத்துவம் அடங்கியிருக்கிறது. பணம் கொடுத்தவனுக்கே நேரம் உண்டு, அவசரம் உண்டு, கேள்வி கேட்கும் வாய் உண்டு. கொடாதவன் கிடைத்ததைப் பெற்று, கிடைக்காதபோது பேசாமல் நிற்கவேண்டும் என்பதே அத்தத்துவம். இதைப் பலரும் ஒப்புக்கொண்டுதான் வாழ்கிறோம். அரசாங்க ஆஸ்பத்திரியின் நீண்ட வாங்கிலே குந்தியிருக்கும் கிழவி, தாதியின் அதட்டலைப் பொறுத்துக்கொள்வதும் இதனாலேதான்.

பணம் கொடாமல் ஒருவர் பெறும் நன்மை பிறருடைய தயவா, அவருக்கு உரியதா? உரியதென்றால், எதனால் உரியதாயிற்று? இவ்வினாவை நூல்களில் வைத்து விசாரிப்பதைவிட, இதே வினா அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தண்டவாளத்தின்மேல் ஓடிய ஓரிடத்தில் வைத்து விசாரிப்பது நலம் என்று நினைக்கிறோம். அது பசிபிக் சமுத்திரத்தின் பிஜித் தீவு. அங்கே கரும்பு ஏற்றுவதற்காக இடப்பட்ட இரண்டடி அகலப் பாதையிலே, கட்டணம் எதுவும் வாங்காத புகையிரதம் ஒன்று மக்களை ஏற்றிச் சென்றது. அதில் ஏறியவர்களுள் நம் மொழி பேசியோரும் பலர்.

சீனி ஆலைக்கும் ஒடுங்கிய தண்டவாளத்துக்கும் உள்ள உறவு தற்செயலாக வந்ததன்று. 1875ஆம் ஆண்டளவில் பாரிஸுக்கு அண்மையிலுள்ள பெத்தி பூர் என்ற இடத்தில், போல் தெகோவில் என்னும் பிரெஞ்சுப் பண்ணை உரிமையாளர் தம் வயலில் விளைந்த சர்க்கரைப் பீற்கிழங்கை வெளியே எடுக்க முடியாமல் தவித்தார். மழையில் நனைந்த நிலத்திலே வண்டிச் சக்கரங்கள் புதைந்தன. ஏணிபோலப் பொருத்திய சிறு தண்டவாளத் துண்டுகளைச் சேற்றின்மேல் பரப்பி, அதன்மேல் சிறு வண்டிகளைத் தள்ளும் முறையை அவர் கண்டார். இரண்டு ஆட்கள் தூக்கி இடம் மாற்றக்கூடிய பாதை அது. இன்று இந்த வரப்பில், நாளை அடுத்த வரப்பில். அவருடைய தொழிற்சாலை பின்னர் உலகமெங்கும் இத்தகைய பாதைகளை அனுப்பியது. 1889இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் அறுபது சென்டிமீட்டர் அகலப் பாதையொன்று அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை ஏற்றியிறக்கியது. முதலாம் உலகப் போரில் அதே அகலமுள்ள பாதைகள் பதுங்கு குழிகளுக்குக் குண்டுகளைச் சுமந்தன. கிழங்குக்காகக் கண்ட உபாயம் மனிதரை மகிழ்விக்கவும் உதவிற்று. மனிதரைக் கொல்லவும் உதவிற்று.

கரும்புக்கு இப்பாதை இன்னும் இன்றியமையாதது. ஒரு தொன் சீனிக்கு ஏறத்தாழப் பத்துத் தொன் கரும்பு வேண்டும். வெட்டிய கரும்பு காத்திருக்காது; ஒரு நாள் இரண்டு நாள் தாமதித்தாலும் அதன் இனிப்பு குறைந்துகொண்டே போகும். ஆகவே வயலையும் ஆலையையும் இறுகப் பிணைக்கும் ஒரு கயிறு தேவைப்பட்டது. ஜாவாவிலும் குவீன்ஸ்லாந்திலும் பிஜியிலும் அக்கயிறு இரும்பினால் ஆகியது. குவீன்ஸ்லாந்தில் சுமார் நாலாயிரம் கிலோமீட்டர் நீளக் கரும்புப் பாதை இன்றும் பயன்படுகிறது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பாதை வருமுன் கரும்பு மனிதன் தோளிலும் மாட்டு வண்டியிலும் போயிற்று. பாதை வந்தபின் தோளின் பாரம் குறைந்தது என்பது மெய்யே. இயந்திரத்தைத் தூற்றுகிற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் நாம். ஆனால் பாதை பாரத்தை மட்டும் சுமக்கவில்லை. ஆலையின் நேரத்தையும் வயலுக்குச் சுமந்து வந்தது. முன்பு வெயில் ஏறினால் வெட்டுக்காரன் மரநிழலில் இருந்திருப்பான். இப்பொழுது வெற்று வண்டிகள் வந்து நிற்கின்றன, நிரப்பியாகவேண்டும். ஆலையின் உருளைகள் இரவு பகலாகச் சுழல்கின்றன, அவற்றுக்குப் பசிக்கக்கூடாது. சங்கொலி கேட்காத தூரத்திலுள்ள வயலும் ஆலையின் முற்றமாகிவிட்டது. தோளுக்குக் கிடைத்த ஓய்வு கைக்குக் கிடைக்கவில்லை.

பிஜிக்கு இந்தியத் தொழிலாளர் முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டது 1879இல். 1916 வரை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அவற்றில் ஏறினர். ஐந்தாண்டு ஒப்பந்தம், அதை அவர்கள் 'கிர்மித்' என்று தம் வாய்க்கு ஏற்ப வழங்கினர். கிழமை நாட்களில் ஒன்பது மணி நேரமும் சனிக்கிழமை ஐந்து மணி நேரமும் வேலை. குறித்த வேலையை முடித்தால் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங். பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். முடிக்காவிட்டால் தண்டனை. அத்தோட்டங்களிலே பெண்கள் பட்ட துயரைப் பாரதி பாடியதை நம் மாணவர் அறிவர். சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனியே அத்தீவின் சீனித் தொழிலை ஏறக்குறைய முழுவதும் தன் கையில் வைத்திருந்தது. 'கம்பெனி' என்றால் அங்கே அது ஒன்றுதான்.

அக்கம்பெனி ராராவாய் ஆலையிலிருந்து லௌத்தோக்கா, நாண்டி வழியாகச் சிங்கத்தோக்கா ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள கவனங்காசாவ் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு செல்லும் பாதையொன்றை இட விரும்பியது. அவ்வளவு நீளப் பாதை கம்பெனியின் சொந்த நிலத்துக்குள் அடங்காது. பொதுத் தெருக்களைக் கடக்கவேண்டும், ஆறுகளைத் தாண்டவேண்டும், பிஜியின் முதுகுடி மக்கள் குலங்குலமாகக் கூட்டுரிமையில் வைத்திருந்த நிலங்களினூடே செல்லவேண்டும். ஆகவே 1906இல் அதற்கெனத் தனிச் சட்டம் வேண்டியதாயிற்று. அந்த ஏற்பாட்டிலே அரசு ஒரு நிபந்தனை விதித்தது: அப்பாதையில் கம்பெனி பொதுமக்களுக்காக வண்டி ஓட்டவேண்டும், கட்டணம் வாங்கக்கூடாது.

இலவச வண்டியின் பிறப்பு இதுதான். பக்கங்கள் திறந்த பெட்டிகள், பலகை ஆசனங்கள், ஓட்டமும் மெதுவானது. ஆயினும் தெருக்கள் செம்மைப்படாத காலத்தில், உறவினர் வீட்டுக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயில் திருவிழாவுக்கும் போவதற்கு அதைவிட வேறு வழி பலருக்கு இருந்திராது. உலகில் வேறெங்கும் காணக்கிடையாத அதிசயம் என்று வெளிநாட்டுப் பயணிகள் அதை வியந்தார்கள். கம்பெனியின் பெருந்தன்மைக்கு அதைச் சான்றாகக் காட்டினவரும் உண்டு.

பெருந்தன்மை! இந்தச் சொல்லைத்தான் நாம் உரைத்துப் பார்க்கவேண்டும். வழி விட்டவர் யார்? முதுகுடி மக்கள். வழியை அமைத்தவர் யார்? மண் வெட்டிக் கட்டை பரப்பிய கூலிகள். அவ்வழியே போன கரும்பை நட்டவரும் வெட்டியவரும் யார்? கரும்பு விற்ற பணம் யாருடையது என்பது ஒன்றே கம்பெனிக்குச் சாதகமான விடையைத் தரும் கேள்வி. வாரத்தில் சில வேளை ஓடிய அவ்வண்டி, கம்பெனி பெற்ற வழியுரிமைக்கு அது செலுத்திய வாடகை. அதுவும் மலிவான வாடகை. வாடகை கொடுப்பவனை வள்ளல் என்று நாம் அழைப்பதில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. நிலாவெளிக்காரருக்கு இப்பழமொழியில் ஒரு தனி உரிமை உண்டு. உப்பு விளையும் மண் இது. உப்பளத்துப் பாத்தியில் வெயிலும் உவரும் காலைத் தின்ன நிற்பவனை நாம் அறிவோம். அப்படியானால் உப்பிட்டவர் யார்? பாத்தியில் நின்று வாரியவனா, பாத்திக்கு உறுதி வைத்திருப்பவனா, சோற்றில் அதைப் போட்டுப் பரிமாறியவனா? பழமொழி பரிமாறிய கையையே காட்டுகிறது. நன்றியறிதலைத் தலையாய அறமாக வைத்த நம் முன்னோரை நாம் குறைகூறவில்லை. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் நன்றி கடைசிக் கையோடு நின்றுவிடுமானால், அது அறமாக இராது. கொடுத்தவன் முன்னே கைகட்டி நிற்கும் வழக்கமாகிவிடும். செய்ந்நன்றி அறிவதற்கு முதலில் செய்தவர் யார் என்று அறியவேண்டும் அல்லவா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நண்பர் ஒருவர், ஆசிரியர், இக்கருத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்கள் தயவை வாடகையாக்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். கொடுத்ததற்குப் பெறுகிறான் என்றால், கொடாதவனுக்கு ஒன்றும் இல்லையே? கடைக்காரனின் நியாயமும் இதுதானே?" மறுப்பு வலியது. பிஜியின் அவ்வண்டியிலே கரும்பு வெட்டினவன் மட்டுமா ஏறினான்? நிலம் விட்ட குலத்தவன் மட்டுமா ஏறினான்? நேற்று வேறு தீவிலிருந்து வந்தவனும் ஏறினான். இடுப்புக் குழந்தையும் ஏறிற்று. உழைக்க முடியாத முடவனும் ஏறினான். அவர்கள் கம்பெனிக்கு எதைக் கொடுத்தார்கள்? நம் நிலாவெளித் தரிப்பிடத்தில் நின்ற பிள்ளைகள் இவ்வுலகுக்கு இதுவரை எதைக் கொடுத்தார்கள்? கணக்குப் பார்த்தால் ஒன்றுமில்லை.

இதைப் பல நாள் சிந்தித்தோம். விடை அப்பாதையின் சட்டத்திலேயே இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அச்சட்டம் பயணியைப் பார்த்து, நீ கரும்பு வெட்டினாயா என்று கேட்கவில்லை. நிலவுறுதி காட்டு என்று கேட்கவில்லை. பொதுமக்கள் என்ற ஒரே சொல்லோடு நின்றுவிட்டது. காலனியாட்சியின் அதிகாரிகள் ஆழ்ந்த தத்துவம் கருதி அப்படி எழுதினார்கள் என்று நாம் நம்பவில்லை. எனினும் எழுதியது சரியாக அமைந்துவிட்டது. கம்பெனி எடுத்துக்கொண்டது தனியொருவனுடைய பொருளை அன்று. ஊரின் குறுக்கே ஒரு வழியை. அதனால் கடனும் ஊருக்கே உரியது. ஊர் என்றால் அதில் நேற்றுப் பிறந்த குழந்தையும் அடக்கம். தந்தை கொடுத்த கடனை மகன் வாங்குவதில் யாரும் குற்றம் காண்பதில்லை; ஊர் கொடுத்த கடனை ஊர்ப்பிள்ளை வாங்கினால் மட்டும் அதற்குச் சும்மா என்று பெயர்.

பஸ்ஸுக்கும் இது பொருந்தும். எந்த பஸ்ஸும் ஆகாயத்தில் ஓடுவதில்லை. தெரு பொதுவானது, அதில் கட்டணம் வாங்கி ஓடும் அனுமதியும் பொதுவிலிருந்து பெற்றது. பருவச்சீட்டோடு நிற்கும் பிள்ளையின் ஆசனம் அந்த அனுமதியின் ஒரு பகுதி.

நடத்துனரின் சொல்லைக் கேட்ட மற்றவர்கள் பேசாதிருந்தார்கள். நாமும் கேட்ட கேள்வியோடு நின்றுவிட்டோம். முன் ஆசனத்தில் மீன்கூடையோடு இருந்த ஓர் அம்மா மட்டும் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, உன்னை ஆர் காசு வாங்கிப் படிப்பிச்சது?" இளைஞர் விடை சொல்லவில்லை, மணியை அடித்தார்.

அந்த அம்மாவின் கேள்வி நம்மையும் குத்திற்று. இதை எழுதும் நாமும், படிக்கும் வாசகருட் பெரும்பாலோரும் 1945இல் வந்த இலவசக் கல்வியின் பிள்ளைகள். கன்னங்கராவுக்கு நன்றி சொல்கிறோம், சொல்லவேண்டியதே. ஆனால் அந்நாளில் இலங்கை அரசின் வருமானம் எதை நம்பியிருந்தது? தேயிலை, றப்பர், தெங்கு. தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிய விரல்கள் மலையகத் தமிழ்ப் பெண்களுடையவை. நம் இலவசப் பாடப்புத்தகத்தின் விலையில் ஒரு பங்கை அவர்கள் முதுகுக் கூடையிற் சுமந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ பெயரளவிலான தோட்டப் பாடசாலைகளில் விடப்பட்டார்கள். அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். அதற்கிடையில் 1948ஆம் ஆண்டின் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரின் குடியுரிமையையே மறுத்திருந்தது. விலை கொடுத்தவனுக்குச் சரக்கு கிடைக்கவில்லை. சரக்குப் பெற்றவனுக்கு விலை கொடுத்தவன் யாரென்று தெரியவில்லை. பிஜியின் வண்டியிலாவது கரும்பு வெட்டினவன் ஏறியிருந்தான்.

அவ்வண்டியின் கதை எப்படி முடிந்தது? ஒப்பந்தக் கூலிமுறை 1920இன் தொடக்கத்தில் ஒழிந்தது. கம்பெனி தன் தோட்டங்களைப் பத்து ஏக்கர் அளவான துண்டுகளாக்கிக் குத்தகைக்கு விட்டது. கூலி குடியானவன் ஆனான். ஆனால் கரும்பை வாங்குபவன் அதே கம்பெனி, ஏற்றும் பாதையும் அதனுடையதே. 1943இல் குடியானவர்கள் கரும்பை வெட்ட மறுத்தார்கள். தென்னிந்தியச் சங்கத்துக்குத் தொண்டாற்ற வந்த இராமகிருஷ்ண மடத்துத் துறவி சுவாமி ருத்ரானந்தரும் வழக்கறிஞர் ஏ. டி. பட்டேலும் அப்போராட்டத்தின் தலைவர்கள். போர்க்காலத்தில் இராஜத்துரோகம் என்று தூற்றப்பட்டார்கள். கம்பெனி அத்தனை ஆண்டு இலவச வண்டி ஓட்டியும் இவர்களுக்கு நன்றியில்லையே என்று யாரேனும் அங்கலாய்த்திருந்தால் நாம் வியப்படையோம்.

வழக்கு ஓயவில்லை. கரும்பு விலைப் பிணக்கைத் தீர்க்க வந்த ஆங்கில நீதிபதி டென்னிங் பிரபு 1970இல் தீர்ப்பளித்தார்: சீனி விற்ற வருமானத்தில் நூற்றுக்கு 65 பங்கு விளைவித்தவனுக்கு, 35 பங்கு ஆலைக்கு. இந்தப் பங்கீட்டில் தொழில் நடத்த இயலாதென்று கம்பெனி தீவைவிட்டு விலகத் தீர்மானித்தது. 1973இல் ஆலைகளும் பாதைகளும் அரசுடைமையான பிஜி சீனிக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டிலேதான் இலவச வண்டியும் நின்றது.

நம்மைப் போன்றோர் சங்கடப்படவேண்டிய இடம் இது. அந்நியக் கம்பெனி ஓட்டிய வண்டியை மக்களின் அரசு ஓட்டவில்லை. தெருக்கள் சீரடைந்தன, பஸ்கள் பெருகின என்ற காரணங்கள் உண்டு. அவற்றை நாம் தள்ளவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாதிருக்க முடியவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் அவ்வண்டியைக் கம்பெனியின் கொடை என்றே கேட்டுப் பழகிய செவிகளுக்கு, கம்பெனி போனபோது கொடையும் போவது இயல்பாகவே தோன்றியிருக்கும். கொடை கொடுப்பவனோடு போகும். கடனோ சொத்தை வாங்கியவனையும் தொடரும். உடைமை கைமாறிய அன்று, இப்பாதையின் மேலுள்ள கடன் இனி எங்களுடையது என்று ஏடு திறந்து எழுதியிருக்கவேண்டும். தேசியமயம் என்று நாம் மேடைகளில் முழங்கியபோதெல்லாம் சொத்தைப் பற்றிப் பேசினோம். கடனைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.

தொலைவிலுள்ள தீவை விட்டு நம் மாவட்டத்துக்கே வருவோம். திருகோணமலைக்குப் புகையிரதம் வந்தது 1927இல். அப்பாதை கந்தளாயைத் தொட்டு வருகிறது, நிலாவெளிக்கு வரவில்லை. கந்தளாய்க் குளத்தின் நீரை நம்பி, செக்கோசுலோவாக்கிய நாட்டின் உதவியோடு அங்கே சீனி ஆலையொன்று எழுந்தது; 1960ஆம் ஆண்டளவில் உற்பத்தியும் தொடங்கியது. நாட்டின் சீனியை நாமே ஆக்குவோம் என்ற நம்பிக்கையின் கோபுரமாக அதன் புகைபோக்கி நின்ற காலம் ஒன்றுண்டு. 1993இல் ஆலை மூடப்பட்டது. இன்று நிலாவெளித் தேநீர்க்கடைக் கோப்பையில் விழும் சீனியிற் பெரும்பகுதி கப்பலேறி வருகிறது.

நட்டம் என்றார்கள். நட்டம் என்ற சொல் சும்மா என்ற சொல்லின் உடன்பிறப்பு. கணக்கேட்டில் ஆலை வாங்கிய எண்ணெய் உண்டு, இயந்திர உறுப்பு உண்டு, சம்பளம் உண்டு. அவ்வாலையை நம்பி வேறு பயிரை மறந்து கரும்பை நட்ட குடியானவனுடைய ஆண்டுகளுக்கு எந்தப் பத்தியில் இடம்? ஆலை அவனுக்கு வேலை கொடுத்தது என்பார்கள். அவன் ஆலைக்கு என்ன கொடுத்தான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாத கடனுக்கு வழக்கு இல்லை. நட்டத்தில் ஓடும் ஆலையை என்றென்றைக்கும் ஓட்டு என்று நாம் சொல்லவரவில்லை. மூடும்போது இரு பக்கக் கணக்கையும் வாசித்துவிட்டு மூடு என்கிறோம்.

பிஜியிலும் இன்று இரும்புப் பாதை தேய்ந்து வருகிறது. கரும்பு பெரிதும் லொறிகளில் ஏறி, ஆலை வாசலில் வரிசையாகக் காத்து நிற்கிறது. ரகிரகியில் இருந்த பினாங் ஆலை 2016இல் வீசிய வின்ஸ்டன் சூறாவளியில் சிதைந்தபின் திறக்கப்படவில்லை.

அன்று நாம் பட்டினத்தில் இறங்கியபோது மணி எட்டாகியிருந்தது. தரிப்பிடத்தில் விடப்பட்ட பிள்ளைகள் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பார்கள். முதற் பாடம் அவர்களுக்குப் போயிருக்கும். மீன்கூடை அம்மா நமக்கு முன்பே இறங்கிச் சந்தைப் பக்கம் போய்விட்டார். அவருடைய கூடைக்கும் நடத்துனர் தனிக் கட்டணம் வாங்கியிருந்தார்.